ரேடியனில் நின்ற பொத்தான்

உங்கள் அப்பாவாகிய நான் டிப்ளமோவோடு நின்றவன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த டிப்ளமோவோடு சேர்த்து ஒரு கணக்குப் பாடம் அதிகமாகப் படித்தேன் என்பது உங்கள் அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மார்க் ஷீட்டில் கடைசி வரியாக இருக்கிறது: 'கூடுதல் கணிதம், தேர்ச்சி.' பெரியவள் இன்ஜினியரிங்கோடு கணிதத்தையும் மைனர் பாடமாக எடுக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. வாயால் சொல்ல முயற்சி செய்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லாதவன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990-91 படிப்பு வருஷம். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். மணிமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போக வேண்டும். இப்போது நீங்கள் பார்க்கிற கம்பெனிகள் ஒன்றும் அப்போது இல்லை. வேலை என்றால் அம்பத்தூர், இல்லாவிட்டால் மறைமலை நகர். ஒரு கம்பெனியில் பத்து பேர் எடுக்கிறார்கள் என்றால் அந்தச் செய்தி பாலிடெக்னிக் முழுக்க ஒரே நாளில் பரவிவிடும்.

அந்த வருஷம் எங்கள் பாலிடெக்னிக்கில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். விருப்பம் உள்ளவர்கள் கூடுதலாக ஒரு கணக்குத் தாள் எழுதலாம். பாஸ் செய்தால் பின்னாளில் பகுதி நேர பி.இ. சேர உதவும். பெயிலானால் டிப்ளமோவுக்கு ஒரு பாதகமும் இல்லை. காலை எட்டு மணிக்கு, முதல் மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பு. பதினோரு பேர் சேர்ந்தோம். தீபாவளி முடிந்து பார்த்தால் நாலு பேர்தான் மிச்சம்.

எங்கள் துறைத் தலைவர் என்னை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திக் கேட்டார். "ஏன்டா, கியர் பல்லு வெட்டறதுக்கு எதுக்கு உனக்கு இன்டெக்ரேஷன்? மெஷின் வந்து கேட்டுதா?"

வீட்டில் என் அப்பா, உங்கள் தாத்தா, வேறு மாதிரி கேட்டார்.

"கூட ஒரு பாடம் படிச்சா மொத்த மார்க்குல கூடுமா?"

"கூடாதுப்பா."

"பீஸு?"

"அது கொஞ்சம் கட்டணும்."

"அப்ப யாருக்காக படிக்கிற?"

புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பதில் இப்போது தெரிகிறது. மற்றப் பாடங்களில் விடை வந்த பிறகு அதை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெருக்கி வைப்போம். தண்டு உடையக்கூடாது, போல்ட் அறுந்து போகக்கூடாது, அதற்காக. கணக்கு வகுப்பில் விடை விடைதான். யாரும் கூட்டிப் போடச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்த வகுப்பை எடுத்த மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "இந்த ரூமுக்குள்ள கோணம்னா ரேடியன்தான். டிகிரியெல்லாம் வெளியே செருப்போட விட்டுட்டு வாங்க."

இதைச் சின்னவனுக்காக விளக்கிவிடுகிறேன். ஒரே தூரத்தை மைலிலும் சொல்லலாம், கிலோமீட்டரிலும் சொல்லலாம் அல்லவா. அதுபோல ஒரே கோணத்தை டிகிரியிலும் சொல்லலாம், ரேடியனிலும் சொல்லலாம். ஒரு ரேடியன் என்பது ஏறக்குறைய ஐம்பத்தேழு டிகிரி. கால்குலேட்டரில் இருபது என்று தட்டி சைன் அழுத்தினால், அது இருபது டிகிரியா இருபது ரேடியனா என்று கால்குலேட்டருக்குத் தெரியாது. அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அது எந்தப் பக்கம் நிற்கிறதோ அப்படி எடுத்துக்கொள்ளும். ஒர்க்‌ஷாப், மெஷின், கியர், எல்லாமே டிகிரி. அந்த ஒரு கணக்கு வகுப்பு மட்டும் ரேடியன்.

இனி என் நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மண்ணூர்க்காரன். ஆட்டோமொபைல் படித்தான். அவன் அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், கண் பார்வை மங்கி இரண்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அம்மா சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தார்கள். நானும் அவனும் சேர்ந்து பர்மா பஜாரில் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கினோம். ஆளுக்குப் பாதி. எங்கள் வகுப்பில் கால்குலேட்டர் வைத்திருந்தவர்கள் ஐந்தாறு பேர்தான், மற்றவர்கள் எல்லாம் கணக்குப் புத்தக அட்டவணை பார்த்துதான் போடுவார்கள்.

இரண்டு பேருக்கு ஒரு கால்குலேட்டர் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். பரீட்சை அட்டவணை எங்களுக்குச் சாதகமாக இருந்தது. ஆட்டோமொபைலுக்குக் காலையில் பத்திலிருந்து ஒன்று. மெக்கானிக்கலுக்கு மதியம் இரண்டிலிருந்து ஐந்து. ஒரு மணிக்கு ஆபீஸ் பக்கத்துக் குழாயடியில் கைமாற்றிக்கொள்வோம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம், பாக்டரியில் ஷிப்ட் மாறுகிற மாதிரி. கொடுக்கிறவன் சட்டையில் துடைத்து, மெமரியை அழித்து, "மெமரி காலி" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவன் ஒரு முறை தட்டிப் பார்த்து "காலி" என்று சொல்ல வேண்டும். ஒருத்தன் சேமித்த எண் இன்னொருத்தன் கணக்கில் புகுந்து கெடுத்துவிடக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதை.

டிகிரி ரேடியன் பொத்தானைப் பற்றி எங்கள் முறையில் ஒன்றும் இல்லை. ஏனென்றால் வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. டிஸ்பிளேவுக்குக் கீழே ஓரமாக, அரிசி அளவுக்கு, அழுக்கு ஏறி டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. அதை முதன்முதலில் நகத்தால் நகர்த்தியவன் நான்தான். கூடுதல் கணக்குக்காக.

அந்த மார்ச்சில் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. மறைமலை நகரில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி அவனை டிரெய்னியாகத் தேர்வு செய்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். ஒரே நிபந்தனை, ஏப்ரல் பரீட்சையில் எந்தத் தாளும் நிலுவை இருக்கக்கூடாது. ஒன்று போனாலும் இடம் போய்விடும். அந்தக் கடிதத்தை மடித்து ஹால் டிக்கெட்டோடு சேர்த்து வைத்திருந்தான்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கால்குலேட்டர் என்னிடம் இருந்தது. சைன் வளைவுக்குக் கீழே இருக்கிற பரப்பைக் கண்டுபிடிக்கிற கணக்குகளை மத்தியானம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு கேட்டருகே அவனிடம் கொடுத்தேன்.

"மெமரி காலி."

தட்டிப் பார்த்தான். "காலி."

அன்றைக்கு அவனுக்கு தியரி ஆஃப் மெஷின்ஸ். ஒரு மணிக்குக் குழாயடியில் நான் காத்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே வந்தான்.

"அஞ்சுல அஞ்சும் தொட்டுட்டேன் மச்சி. கியர் கேட்டுகீறான், வி-பெல்ட் கேட்டுகீறான். ரெண்டுத்துலயும் அதே இருபது டிகிரி. எனக்கின்னே எழுதின பேப்பர் மாதிரி இருந்துது."

"நல்லா போட்டியா?"

"போட்டேன்டா. நீ போயி எழுது. இந்தா, மெமரி காலி."

இரண்டு மணிக்கு எனக்கு மெஷின் டிசைன். எனக்கு ஒரு பழக்கம், கால்குலேட்டரைக் கையில் எடுத்தால் முதலில் முப்பது தட்டி சைன் அழுத்துவேன். அரை என்று வர வேண்டும். அன்றைக்கு மைனஸ் போட்டு ஏதோ வந்தது. பாட்டரி போய்விட்டது என்று நினைத்து அணைத்துப் போட்டேன். மறுபடியும் மைனஸ். அப்புறம்தான் ஓரத்தில் அந்தப் பொத்தானைப் பார்த்தேன். ரேடியனில் நின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் நகர்த்தியது.

என் கேள்வித்தாளை இன்னும் படிக்கவே இல்லை. பொத்தானை அப்படியே வைத்துக்கொண்டு இருபது தட்டி சைன் அழுத்தினேன். 0.9129. காஸ் அழுத்தினேன். 0.4081. டிகிரிக்கு நகர்த்தி மறுபடி அழுத்தினேன். 0.3420. 0.9397. அதுதான் சரியான விடை.

வேறு கோணமாக இருந்திருந்தால் எனக்கு வந்த மாதிரி மைனஸ் வந்திருக்கலாம், அவன் திடுக்கிட்டுப் பார்த்திருப்பான். இருபதுக்கோ இரண்டுமே ஒன்றுக்குக் கீழே, மைனஸ் இல்லாமல், பார்வைக்கு ஒழுங்காக வந்து உட்கார்ந்திருந்தது. சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. கியரில் பல்லின் சாய்வு இருபது டிகிரி. வி-பெல்ட் ஓடுகிற பள்ளத்தில் பாதிக் கோணம் இருபது டிகிரி. மூன்று மணி நேரம் அவன் தப்பு எண்ணை வைத்துச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறான்.

மேற்பார்வைக்கு வந்த சார் என் பெஞ்ச் அருகே நின்றார். "என்னப்பா, எழுதலியா? உடம்புக்கு ஏதாவது?"

"இல்ல சார்."

எழுதினேன். என்ன எழுதினேன் என்று அப்போதே எனக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கு வெளியே வந்தால், அவன் பஸ் ஸ்டாப்பில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தான். வியாழக்கிழமை காலை அவனுக்கு ஆட்டோ டிசைன் தாள், அதற்குக் கால்குலேட்டர் வேண்டும். வாங்கிப் போகக் காத்திருந்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவனை நோக்கி நடந்தேன்.

"இன்னாடா மூஞ்சி இப்டி கீது? பேப்பர் கஷ்டமா?"

"சுமாரா எழுதினேன்." அவன் நீட்டிய கடலையை எடுத்து மென்றேன்.

"அதெல்லாம் பாஸாயிடுவடா, கணக்கு புலி நீ. நான் வூட்ல சொல்லிட்டேன் மச்சி, ஜூலைல இருந்து அரிசி வாங்கறது நானுன்னு. எங்கப்பா சிரிச்சாரு. ரொம்ப நாளு கழிச்சி சிரிச்சாரு."

மண்ணூர் பஸ் வந்தது. கால்குலேட்டரைக் கொடுத்தேன். "மெமரி காலி" என்றேன். பொத்தான் டிகிரியில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவன் படியில் தொங்கிக்கொண்டே கையாட்டினான்.

என் பஸ்ஸில் உட்கார்ந்து மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். நடந்தது நடந்துவிட்டது, விடைத்தாள் கட்டிப் போயாயிற்று. இப்போது சொன்னால் அவன் உடைந்து போவான், வியாழக்கிழமைத் தாளும் கெடும். கால்குலேட்டர் இப்போது சரியாக இருக்கிறது. வியாழக்கிழமை பரீட்சை முடிந்ததும் சொல்லிவிடலாம். மூன்று நாள் தள்ளிப் போடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இப்படிப் போட்டேன். பிள்ளைகளே, அது பயந்தவன் போட்ட கணக்கு. அன்றைக்கு அதை நல்ல எண்ணம் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கணக்கு மேடத்தைத் தேடிப் போனேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றேன்.

"மேடம், முறை சரியா இருந்து விடை தப்பா வந்தா மார்க் குடுப்பாங்களா?"

"ஸ்டெப்புக்குக் குடுக்கறவங்க உண்டு. குடுக்காதவங்களும் உண்டு. ஏன்?"

நடந்ததைச் சொன்னேன். பேர் சொல்லாமல், ஒரு பையன் என்று சொன்னேன்.

"அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது மேடம்."

"அப்போ என்கிட்ட எதுக்கு வந்த?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நோட்டுகளை அடுக்கிக்கொண்டேதான் கேட்டார். நான் அங்கிருந்து திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலமே மண்ணூருக்குப் போயிருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, மணிமங்கலம் பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை. காலையில் அவனுக்கு ஆட்டோ டிசைன், மதியம் எனக்குக் கூடுதல் கணிதம். ஒரு மணிக்குக் குழாயடியில் நின்றேன்.

அவன் வந்தான். முகம் கழுவினான். கால்குலேட்டரைச் சட்டையில் துடைத்து நீட்டினான்.

"மெமரி காலி. சைன், காஸ் பொத்தான நான் தொடவே இல்ல இன்னிக்கு."

"ஏன்?"

"எதுக்குடா தொடணும்? மறுபடியும் அதே இருபது. சைன் இருபதுன்னா பாயின்ட் ஒன்பது ஒன்னு ரெண்டு ஒன்பது, காஸ் இருபதுன்னா பாயின்ட் நாலு சைபர் எட்டு ஒன்னு. திங்கக்கெழம போட்டுப் போட்டு மனப்பாடம் ஆயிடுச்சி. பெருக்கல் வகுத்தல் மட்டும்தான் தட்டினேன். டைம் மிச்சம் மச்சி."

நான் கால்குலேட்டரை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தப்பு அந்தப் பொத்தானுடையது, என் மறதியுடையது. வியாழக்கிழமைத் தப்பு அப்படி அல்ல. கால்குலேட்டர் மூன்று நாளாகச் சரியாகத்தான் இருந்தது. அவன் தலைக்குள் இருந்த எண்தான் தப்பு. அதைத் திருத்த ஒரு வார்த்தை போதும், அந்த வார்த்தை மூன்று நாளாக என் வாயில் இருந்தது.

"டேய்" என்றேன். "அந்த நம்பர் தப்புடா."

"எந்த நம்பர்?"

கால்குலேட்டரை அவன் முன்னால் நீட்டி, இருபது தட்டி சைன் அழுத்திக் காட்டினேன். 0.3420. அவன் பார்த்தான். என்னைப் பார்த்தான். நகத்தால் பொத்தானை ரேடியனுக்குத் தள்ளி மறுபடி அழுத்தினேன். 0.9129. ரேடியன் என்கிற வார்த்தை அவனுக்குத் தெரியும், சுழல்கிற வேகத்துக்கு யூனிட்டாக எழுதுவான். அது இந்தப் பெட்டியில் ஒரு பொத்தானாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"இத யாரு மாத்தினது?"

"நான்தான். ஞாயித்துக்கெழம. எக்ஸ்ட்ரா கணக்குக்கு."

"எப்ப பாத்த நீ?"

இந்தக் கேள்வி வரும் என்று மூன்று நாளாகத் தெரியும்.

"திங்கக்கெழம. மதியம்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவன் அதைத் திருகி மூடினான். பிறகு பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்து விரித்து, விரலால் ஒவ்வொரு கேள்வியாகத் தொட்டுக்கொண்டே போனான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது கேள்வியில் விரல் நின்றது. நாலாவதிலும் நின்றது.

"திங்கக்கெழம சாய்ந்தரம் பஸ் ஸ்டாப்ல உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"வேர்க்கடல துன்னுகினே நின்னியேடா."

அவ்வளவுதான் சொன்னான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கேள்வித்தாளை நாலாக மடித்து ஹால் டிக்கெட்டோடு வைத்துக்கொண்டு நடந்தான். பத்தடி போய்த் திரும்பினான்.

"மணி ஆவுது. உன் கணக்க போய் எழுது."

போய் எழுதினேன். இதைத்தான் உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாள் எழுதாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவன் பின்னால் ஓடியிருக்கலாம். ஆனால் உள்ளே போய், ரேடியனில் நின்ற அதே பெட்டியை வைத்துக்கொண்டு எழுதினேன். நன்றாகவும் எழுதினேன்.

அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்க வரவில்லை. கால்குலேட்டர் என்னிடமே தங்கிவிட்டது. மே இருபத்தொன்றாம் தேதி எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும், அதைப் பற்றி எழுத நான் ஆள் இல்லை. சாலை முழுக்கப் போலீஸ், பஸ் பாதி ஓடவில்லை. எங்கள் வயதுப் பையன்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். ஒரு நாள் அவனைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் இறக்கி, பையைக் கொட்டி, கால்குலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஒரு போலீஸ்காரர்.

"இன்னாது இது?"

"கணக்குப் போடறது சார்."

"எங்க போற?"

"சிநேகிதன் வூட்டுக்கு."

"ஒன்னும் தேவையில்ல. வூட்டுக்குப் போ."

திரும்பி வந்துவிட்டேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

ரிசல்ட் தள்ளிப் போய், ஜூன் கடைசியில் வந்தது. பாலிடெக்னிக் ஆபீஸில் மார்க் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். நான் என் எண்ணைத் தேடுவதற்கு முன்னால் அவன் எண்ணைத் தேடினேன். பாஸ் மார்க் நாற்பது. தியரி ஆஃப் மெஷின்ஸ் நாற்பத்திரண்டு. யாரோ ஒரு புண்ணியவான் ஸ்டெப்புக்கு மார்க் போட்டிருக்கிறார். ஆட்டோ டிசைன் முப்பத்துநாலு.

பொத்தானால் வந்த தப்பு மன்னிக்கப்பட்டுவிட்டது. நான் பேசாததால் வந்ததுதான் அவனைத் தள்ளியது. அந்தப் பட்டியலுக்கு முன்னால் நின்று இதைப் புரிந்துகொண்டபோது, பின்னால் இருந்தவர்கள் தள்ளு தள்ளு என்று முட்டிக்கொண்டிருந்தார்கள். என் எண்ணுக்கு நேரே எல்லாம் பாஸ், கூடுதல் கணிதமும் பாஸ்.

அன்றைக்கே மண்ணூருக்குப் போனேன். அவன் வீட்டில் இல்லை. அவன் அம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எத்தனையோ முறை சோறு போட்ட கை.

"வாப்பா. பாஸா?"

"ஆமாம்மா."

"கணக்கு?"

"அதுவும்."

கீரைக் காம்பை ஒடித்துப் போட்டுக்கொண்டே பேசினார்கள், தலை நிமிரவில்லை. "ஒரு வார்த்தை. திங்கக்கெழம சொல்லியிருந்தா செவ்வா பொதன்னு ரெண்டு நாளு இருந்துது அவனுக்கு. அத கூட நீ படிச்ச கணக்குல போட்டுப் பாக்கலியா?"

அவன் அப்பா உள்ளே கட்டிலில் இருந்து கேட்டார். "யாரு வந்துகிறது?"

"நம்ம புள்ளயோட சிநேகிதன்தான்."

"உள்ள வரச் சொல்லு, வெயில்ல நிக்க வெக்காத."

போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். அவன் வருகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவன் என்னைப் பார்த்துவிட்டு, முகம் கழுவி, ஒரு பாயை விரித்தான்.

"அக்டோபர்ல எழுதணும்" என்றான். "அந்த பொட்டிய எடுத்தாந்தியா?"

எடுத்து வந்திருந்தேன்.

ஜூலையில் அவன் சேர வேண்டிய இடத்தில் அவன் சேரவில்லை. நான் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் அப்ரண்டிஸாகப் போய்ச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்ணூருக்குப் போய் அவனோடு ஆட்டோ டிசைன் படித்தேன். சொல்லிக் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள், கியரில் அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. மார்க் குறைந்தது அறிவுக் குறைவால் அல்ல என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சம்பளக் கவர் வாங்குகிற நாளில் மட்டும் எனக்கு அங்கே போகக் கூசும். சம்பளத்தைப் பற்றி அவன் முன்னால் ஒரு வருஷம் நான் வாயே திறக்கவில்லை.

அக்டோபரில் அறுபத்தெட்டு வாங்கினான். மார்க் ஷீட் வந்ததும் இரண்டு பேரும் மறைமலை நகர் போனோம். கேட்டில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு ஆள் எடுக்கிற அதிகாரி வெளியே வந்தார். அவரிடம் நானே சொன்னேன், தப்பு இவனுடையது இல்லை சார், என்னுடையது என்று. முழுவதும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"தம்பி, நீ சொல்றது புரியுது. ஆனா அந்த எடத்துல ஆளு வந்து நாலு மாசம் ஆச்சு. அவனை எழுப்பிட்டு இவனை உட்கார வைக்க முடியுமா?"

முடியாதுதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. படப்பையில் இரண்டு லேத் மெஷின் போட்ட ஒரு பட்டறையில் ஆள் கேட்கிறார்கள், நாளைக்குப் போகிறேன் என்றான். அங்கேதான் ஆறு வருஷம் இருந்தான்.

"நீ எப்ப பி.இ.க்கு எழுதிப் போடற?" என்று பஸ்ஸுக்கு நின்றபடியே கேட்டான்.

"இல்லடா. வேணாம்னு இருக்கேன்."

"எதுக்கு வேணாம்? அந்த எக்ஸ்ட்ரா கணக்குக்குத்தானடா எனக்கு இந்த எடம் போச்சி. நீயும் போவலன்னா எதுக்குப் போச்சின்னு நான் நெனச்சிக்கறது?"

"சரி, போறேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். விண்ணப்பமும் வாங்கினேன். பவுண்டரியில் வாரம் ஒரு ஷிப்ட் மாறும், மாலை வகுப்புக்கு விடுப்பு கிடைக்காது. அது பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்த விண்ணப்பத்தில் 'கூடுதல் கணிதம்' என்று எழுத வேண்டிய கட்டம் வந்தபோதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கடைசித் தேதி போய்விட்டது.

அதனால் நீ கணக்கு எடுக்கக்கூடாது என்று சொல்கிறேன் என்று நினைக்காதே, பெரியவளே. எடு. எனக்கு அது பிடித்திருந்தது, உனக்கும் பிடித்திருக்கிறது, அதற்கு மேல் காரணம் தேவையில்லை. ஆனால் உன் வகுப்பில் எல்லோரும் அதைப் படிக்க மாட்டார்கள். உனக்குத் தெரிந்து பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத ஒன்றால் அவருக்கு ஏதாவது கெட்டால், நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருக்காதே.

அந்த பி.இ. விண்ணப்பத்தின் கடைசித் தேதி முடிந்த அன்றைக்கு ஷிப்ட் விட்டதும் நேராக மண்ணூர் பஸ் ஏறினேன். அவன் பட்டறையிலிருந்து வந்து கையில் இருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தான். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"டேய், நான் எழுதிப் போடல. தேதி முடிஞ்சிடுச்சி."

"இன்னிக்கா முடிஞ்சிது?"

"இன்னிக்குத்தான்."

கையை உதறினான்.

"இந்த வாட்டி அன்னிக்கே வந்து சொல்லிட்ட. உள்ள அம்மா கீறாங்க. அவங்ககிட்டயும் நீயே போய் சொல்லு, நான் சொல்ல மாட்டேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.